தொற்றில்லாத் தொட்டில் கேடயம்

மணி அலறியது. பள்ளிக்கூட மணியைப் போல நிதானமாக அல்ல. தீயணைப்பு வண்டி மாடிப்படி ஏறி வந்துவிட்டதைப் போல. இரண்டாவது மாடி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். சுடர்விழிக்கு வயிற்றுத் தையல் சுரீரென்று இழுத்தது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது, தன் பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது என்பது மட்டும்தான் அவள் மண்டையில் ஏறியது.

பக்கத்துப் பாய்க்காரி திலகவதி, பொன்னமராவதியிலிருந்து வந்தவள், அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிஸ்சார்ஜ் மணி. கோட்டுக்கு இங்கிட்டு வந்து நில்லுங்க."

"டிஸ்சார்ஜா? முந்தாநாள்தானே சேர்த்தோம்."

"அதனாலதான். ரெண்டு நாள் ஆகப்போகுதுல்ல, வீட்டுக்கு அனுப்பிட்டுத் திரும்பச் சேர்ப்பாங்க. கையை நீட்டிக்கிட்டு நில்லுங்க, சட்டுனு வாங்கணும்."

வராந்தாவின் குறுக்கே தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் 'மருத்துவமனை' என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கம், பெண்களின் பாய்களும் சாப்பாட்டுத் தூக்குகளும் கிடந்த இடத்தில், 'இல்லம்' என்று எழுதியிருந்தது. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. நர்சுகள் ஆளுக்கொரு குழந்தையை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குப் பின்னால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருவர் வந்தார். ஏதோ சின்னச் சாமிகள் குடையோடு புறப்பாடு வருவது போலத்தான் இருந்தது.

ஷர்லி என்ற நர்ஸ் சுடர்விழியின் கையில் அவள் மகளை வைத்தாள். ஒன்றரை மாதம் முன்னதாகவே அவசரப்பட்டு வந்துவிட்ட பெண். சர்க்கரைப் பொட்டலத்தை விடக் கொஞ்சம் கனம். மணமேல்குடியிலிருந்து ஆம்புலன்சில் வந்து, இங்கே வயிற்றைக் கிழித்து எடுத்தபோது, தூரத்தில் ஒரு காலை மட்டும் காட்டிவிட்டு உள்ளே கொண்டு போனார்கள். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

கோட்டின் மேல் நின்ற ஒருவர் விசில் ஊதினார். கழுத்தில் டை. பெயர் பிராங்க்ளின், தரக் கட்டுப்பாட்டு மேலாளர்.

"எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாச்சா?"

"சேர்ந்தாச்சு சார்" என்றார்கள் பெண்கள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்."

"சரி. புள்ளைக்கு முடியலைன்னு கொண்டு வந்து சேருங்க."

மறுபடியும் விசில். நர்சுகள் குழந்தைகளை வாங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். கதவு மூடிக்கொண்டது. சுடர்விழியின் கை நீட்டியது நீட்டியபடியே நின்றது.

இந்தச் சடங்குக்கு ஒரு மருத்துவ அடிப்படை உண்டு. குழந்தை வந்து சேர்ந்த இரண்டு நாளுக்குள் கிருமித் தொற்று தெரிந்தால் அது தாயிடமிருந்தோ வீட்டிலிருந்தோ வந்தது. இரண்டு நாள் கழித்துத் தெரிந்தால் அது ஆஸ்பத்திரி கொடுத்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். பொன்தூளி மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நாகராசு இந்தப் பாகுபாட்டைப் படித்துவிட்டுப் பல நாள் தூக்கமின்றித் தவித்தார். அவரைத் தூங்க வைத்தவர்தான் பிராங்க்ளின். அவர் இதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்த்தவர். தேதி முடியப்போகும் பிஸ்கட்டைப் புது உறையில் போட்டால் புதுத் தேதி கிடைக்கும் என்பது அங்கே அவர் பெற்ற ஞானம். இரண்டு நாள் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால், எந்தக் குழந்தைக்கு எப்போது எது வந்தாலும் அது வீட்டுச் சரக்குத்தான்.

கிருமிகளைப் பொறுத்தவரை, வாசலைத் தாண்டி வந்து போகும் குழந்தைகளை அவை வரவேற்கவே செய்தன.

இத்தனையும் எதற்கு என்றால் எதிர்ச்சாரியில் இருந்த வெள்ளித்தொட்டில் மருத்துவமனைக்காக. சாலைக்கு இந்தப் பக்கம் பொன்தூளி, அந்தப் பக்கம் வெள்ளித்தொட்டில், நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர். பச்சிளங்குழந்தை நலப் பேரவை என்ற அமைப்பு ஆண்டுதோறும் கொடுக்கும் 'தொற்றில்லாத் தொட்டில்' கேடயம் போன வருஷம் வெள்ளித்தொட்டிலுக்குப் போய்விட்டது. அதை அவர்கள் ரிசப்ஷனில் வைத்து, மேலே ஒரு மஞ்சள் விளக்கும் போட்டிருந்தார்கள். டாக்டர் நாகராசின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். அவர்கள் நீலத் திரை போட்டால் இவர் நீலத் திரை போட்டார். அவர்கள் வாசலில் போகன்வில்லா வைத்தால் இவர் வார்டுக்குள்ளேயே வைத்தார், மண் தொட்டியோடு.

ஆண்டு விழாவில் அவர் பேசியது ஊழியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கிருமி இல்லாத ஆஸ்பத்திரி உலகத்தில் கிடையாது என்று தொடங்கி, கைதட்டலுக்கு இடம் விட்டு, இப்படி முடித்தார்: "நம்ம ஆஸ்பத்திரியில இருக்கறது அத்தனையும் வெளியில இருந்து வந்த கிருமி. இங்கேயே பொறந்து வளர்ந்த கிருமின்னு ஒண்ணே ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்."

யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டுமானால் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அது நிறுத்தப்பட்டிருந்தது.

சுடர்விழிக்குக் கேடயத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவளுக்கு இருந்தது வேறு எரிச்சல். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபடி, தன் மகளை யார் யார் தொடுகிறார்கள் என்று அவள் பொருமிக்கொண்டிருந்தாள். ஷர்லி தொட்டாள், பரவாயில்லை, பால் குழாயில் விடுகிறாள். விளம்பரப் படம் எடுக்க வந்தவன் தொட்டான். வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று பிள்ளையின் முகத்தைத் தன் விரலாலேயே திருப்பினான். நன்கொடை கொடுத்தவரின் மனைவி பட்டுச்சேலையோடு தூக்கினாள். வாஸ்து பார்க்க வந்தவர் ஒவ்வொரு தொட்டிலையும் எலுமிச்சம்பழத்தால் தொட்டுவிட்டு, மறக்காமல் ஒவ்வொரு பிள்ளையின் உச்சந்தலையிலும் கை வைத்தார். பெற்றவள் மட்டும் தொடக்கூடாது. காரணத்தைச் சுவரிலேயே எழுதியிருந்தார்கள்.

'தொற்றுக்கான காரணங்கள்' என்ற அந்தப் பலகையில் முன்பு குறைமாதம், குறைந்த எடை, ஊசிக்குழாய், நெருக்கமான தொட்டில்கள், கழுவாத கை என்றெல்லாம் இருந்ததாம். பிராங்க்ளின் வந்த பிறகு 'நெருக்கமான தொட்டில்கள்' மீது அறக்கட்டளைத் தலைவரின் படம் மாட்டப்பட்டது. 'கழுவாத கை' மீது ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. ஸ்டிக்கரில் 'தாய்' என்று இருந்தது.

கை கழுவ வசதி இல்லாமல் இல்லை. முழங்கையால் திறக்கும் குழாயோடு பளபளக்கும் புதுத் தொட்டி வார்டு வாசலிலேயே இருந்தது. நடுவர் குழு வந்து பார்க்கும்வரை அழுக்காகிவிடக் கூடாது என்று அதைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். நர்சுகள் வராந்தாக் கடைசியில் உள்ள கழிப்பறைக் குழாய்வரை நடந்து போய்க் கழுவிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் போனார்கள்.

டிஸ்சார்ஜ் மணிக்காகவே சுடர்விழி உயிரோடு இருந்தாள். அவள் எரிச்சல் அந்தச் சில நிமிஷங்களிலும் அடங்குவதில்லை. திலகவதியின் பிள்ளையைத் தூக்கி வரும் நர்சுக்கு முழங்கால் வலி. மெதுவாக வந்து மெதுவாகத்தான் திரும்பி வாங்குவாள். ஆக திலகவதி மட்டும் கூடுதல் நேரம் கொஞ்சினாள். போதாததற்கு அவள் பிள்ளைக்கு எடை வேறு ஏறியது. "நேத்து கையைக் கடிக்குது பாருங்க சுடரு, பல்லு மட்டும் இருந்துச்சு..." என்று அவள் ஆரம்பித்தாலே சுடர்விழி தூக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். கத்தாரில் இருக்கும் கணவன் பிரசாந்த் வீடியோவில் கூப்பிட்டு, பாப்பா யார் ஜாடை என்று கேட்டான். அதை நர்சிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஷர்லி மேல்தான் அதிக வயிற்றெரிச்சல். பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அவள் அதற்குக் 'குட்டிமா' என்று பெயரே வைத்துவிட்டாள்.

ஒருநாள் மணி அடித்துப் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது ஷர்லி தணிந்த குரலில் சொன்னாள்: "அக்கா, நான் தூக்கினா இது கண்ணே திறக்காது. ஒங்க வாடை பட்டதும் தலையைத் திருப்புது. ராத்திரி பகலா பார்க்கறது நானு. எனக்கு எரியுது, தெரியுமா."

சுடர்விழிக்கு அன்று சோறு கொஞ்சம் இறங்கியது.

ஆனால் அதற்கு அடுத்த மணியில் பிள்ளை தலையைத் திருப்பவில்லை. கை கால் துவண்டு கிடந்தது. வயிறு உப்பி, பாதம் ஜில்லென்றிருந்தது. ஷர்லியின் முகத்திலும் சிரிப்பு இல்லை. காலையிலிருந்து பால் தங்கவில்லை, ஊசிக்குழாய் ஏறிய இடம் சிவந்திருக்கிறது, ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு உடனே மருந்து தொடங்க வேண்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று சுடர்விழி கேட்டாள். கமிட்டியைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் என்றாள் ஷர்லி.

தொற்றுத் தடுப்புக் கமிட்டி மதியம் கூடியது. முந்திரி வைத்திருந்தார்கள். சுடர்விழியை ஓரத்தில் நிற்க வைத்து விசாரணை தொடங்கியது. டாக்டர் நாகராசு அன்பான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். சோதனைக்கு அனுப்பினால் ஏதாவது இருப்பதாகச் சொல்லிவிடுவார்கள் என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். மருந்து தொடங்கினால் எதற்காகத் தொடங்கினீர்கள் என்று நடுவர் குழு கேட்கும். குழு வருவதோ நாளைக்கு.

பிராங்க்ளின் குறுக்கு விசாரணை செய்தார். பிள்ளை நேற்று முன்தினம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருக்கிறது. வீட்டில் என்ன நடந்தது? ஆடு மாடு உண்டா? ஈரத்தரையா?

"எந்த வீட்டைக் கேக்குறீங்க சார்?" என்றாள் சுடர்விழி. "மணமேல்குடி வீட்டையா, கோட்டுக்கு இங்கிட்டு இருக்கற வீட்டையா?"

"புள்ளை எந்த வீட்டுக்குப் போச்சோ அந்த வீடு."

"அதை ஒங்க ஆஸ்பத்திரிதானே கூட்டித் துடைக்கணும்."

கமிட்டி இதைக் குறித்துக்கொண்டது. உடனே எழுந்து போய் மஞ்சள் கோட்டுக்கு இப்பாலுள்ள இல்லத்தைப் பார்வையிட்டது. இல்லம் படு அசுத்தமாக இருந்தது. அம்மாக்கள் வீட்டை இப்படி வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி என்ன செய்ய முடியும் என்று டாக்டர் நாகராசு கண் கலங்கினார். இல்லத்தை மாடிப்படிக்கு மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. பெயிண்டரை வரச் சொன்னார்கள்.

பிள்ளைக்கு என்ன தீர்மானம் என்று சுடர்விழி கேட்டாள். கேட்டது மட்டுமல்ல, கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஜன்னல் பக்கம் போனார். எதிரே மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. மேல் சிகிச்சைக்காகக் குழந்தையை வெள்ளித்தொட்டிலுக்கு அனுப்பிவிடலாம், இப்போதே, நடுவர்கள் காலையில் முதலில் போவது அங்கேதான் என்றார். பிறகு பிராங்க்ளினிடம், அவள் காது கேட்கவே சொன்னார்: "அவனுங்க கணக்குல ஏறட்டும்யா. ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பினதா காகிதத்துல தேதி போட்டுக்க."

உடனே என்றார்களே தவிர, காகிதமும் ஆம்புலன்சும் மறுநாள் காலையில்தான் ஒன்று சேர்ந்தன. நாலடி தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு, தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு பெட்ரோல் பங்க்வரை போய்த் திரும்பியது வண்டி. வழியில் நடுவர் குழுவை வரவேற்று இரண்டு ஆஸ்பத்திரிகளும் போட்டி போட்டுக் கட்டிய வளைவுகளுக்கு நடுவே சிக்கி நின்றது. சுடர்விழியின் மடியில் பிள்ளை. முழுசாக, விசில் இல்லாமல், முதன்முறையாக. ரவிக்கையைத் தளர்த்தி நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளச் சொன்னாள் கூட வந்த ஷர்லி. உடம்புச் சூடு மாத்திரம் குறையக்கூடாது என்றாள். இந்த மடியில் இப்படி வைத்துக்கொள்ளத்தானே இத்தனை நாளும் கிடந்து வெந்தோம், கிடைத்தது இந்த நிலையிலா என்று சுடர்விழி நினைத்தாள். பிள்ளையின் மூச்சு விட்டு விட்டு வந்தது.

வெள்ளித்தொட்டிலின் குழந்தைகள் வார்டு வாசலில் ஐயனார் என்ற காவலாளி வெள்ளைக் கையுறையோடு நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புள்ளையவா கொண்டாந்தீங்க? இங்க எடுக்கறதில்லங்க. மாசியில இருந்தே ஒரு புள்ளை எடுக்கலை."

சுடர்விழி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தொட்டில்கள் தள்ளித் தள்ளி, காற்றோட்டமாக, வரிசையாக நின்றன. ஒரு விரிப்பிலும் மடிப்பு இல்லை. வெள்ளையுடை நர்சுகள் காலித் தொட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தார்கள். ஒருத்தி விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள் சுடர்விழி. காலித் தொட்டிலைப் பார்த்து வயிறு எரிந்தது அன்றுதான்.

நடுவர் குழு உள்ளேதான் இருந்தது. வெளியே வந்த குழுத் தலைவியிடம் அவள் பிள்ளையைக் காட்டி, மருந்து ஏற்றச் சொல்லுங்கம்மா என்று கேட்டாள். தலைவி இரக்கத்தோடு குனிந்து பார்த்தார். இது இந்த ஆஸ்பத்திரிக் குழந்தையா என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக நிமிர்ந்து, அப்படியென்றால் மதிப்பெண்ணில் மாற்றமில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அங்கே வாசலில் ஒரு குழாய் இருந்தது. ரிப்பன் இல்லை. தண்ணீர் வந்தது. ஷர்லி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு சுடர்விழியைக் கழுவச் சொன்னாள். வெளியே வந்தால், ஆம்புலன்ஸ் டிரைவர் கொண்டு போய் விடத்தான் சொன்னார்கள், திருப்பிக் கொண்டு வர யாரும் சொல்லவில்லை என்று வண்டியைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டு பேரும் தடுப்புச் சுவரை ஏறிக் குதித்தார்கள். சுடர்விழியின் தையல் என்ன ஆயிற்று என்று அவளே பார்க்கவில்லை. லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்தித் திட்டினார்கள்.

பொன்தூளி வாசலில் டாக்டர் நாகராசு மாலையும் சந்தனக் கிண்ணமுமாக நடுவர்களை எதிர்பார்த்து நின்றிருந்தார். பின்னாலேயே எதிர்ச்சாரியில் வெடி வெடித்தது. பத்தாயிரம் வாலா. கேடயம் மறுபடியும் வெள்ளித்தொட்டிலுக்கு. நடுவர் குழு பொன்தூளிக்கு வராமலேயே கிளம்பிவிட்டது. சந்தனம் காய்ந்து போனது.

சுடர்விழி நேரே மாடியேறி மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். பிராங்க்ளின் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.

"ரத்தம் எடுங்க, மருந்து ஏத்துங்க" என்றாள். "எம் நெஞ்சுல வச்சே ஏத்துங்க. கையைக் கழுவாம எவனாச்சும் கிட்ட வந்தா நடக்கறது வேற."

டாக்டர் நாகராசு மாலையைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். கேடயம் போன பிறகு சிகிச்சைக்குத் தடை எதுவும் இல்லை. ஏத்துங்க என்று தலையை ஆட்டினார். ஷர்லி சிவப்பு ரிப்பனைக் கத்தரித்து, பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, புதுக் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று வந்தது. பிறகு தண்ணீர்.

சோதனையில் கிருமி தெரிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த கிருமிதான். மருந்து கேட்டது. இரண்டு நாள் ஆயிற்று, மூன்றாவது நாளும் ஆயிற்று, டிஸ்சார்ஜ் மணி அடிக்கவில்லை. மணிக்கு இனி வேலை இல்லை. பிள்ளையின் பாதத்தில் சூடு வந்தது. நான்காவது நாள் காலையில் அது ஷர்லி நீட்டிய விரலைச் சட்டை செய்யாமல் தலையைத் திருப்பி, அம்மாவின் நெஞ்சில் வாயை வைத்துத் தேடியது. ஷர்லி உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்த தொட்டிலுக்குப் போனாள். வாசலில் கைகழுவிவிட்டு நின்ற திலகவதி, தானும் அப்படி உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்ததைச் சுடர்விழிக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்க இனிமையாக இருந்தது.

அப்போதுதான் டாக்டர் நாகராசு வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்தவரைப் போல இருந்தது முகம். எதிர் ஆஸ்பத்திரி வார்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஏற்கனவே இரண்டு தடவை கேட்டதுதான். அவள் மறுபடியும் சொன்னாள்: மாசியிலிருந்து சேர்க்கவில்லை, விரிப்பில் மடிப்பு இல்லை, ஒரு தொட்டிலிலும் பிள்ளை இல்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிரே இப்போது இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன.

"ஒரு புள்ளையைக்கூடச் சேர்க்காம ஆஸ்பத்திரி நடத்தலாம்னு," என்றார், "நமக்கு ஏம்மா தோணாமப் போச்சு?"